முகட்டுக்கு இந்தப் பக்கம்: மலை வானொலி பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஒலிபரப்புக் கருவிகளோடு வேலைக்காலத்தைக் கழித்துவிட்டு, இப்போது கொடைக்கானலில் ஓய்வில் இருக்கிறேன். மலை ஊர்களில் வானொலி கேட்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஐயா, அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையமான கோடைப் பண்பலையின் கோபுரம் எங்கள் மலையில்தான் நிற்கிறது. திருச்சியில் இருக்கும் என் தங்கைக்குத் தெளிவாகக் கேட்கிறது. மேல்மலைப் பள்ளத்தில் இருக்கும் எங்களுக்கு வெறும் இரைச்சல். ஏன்?
(பூண்டு விவசாயி)

உங்கள் ஆதங்கம் நியாயமானது. பண்பலை ஏறக்குறைய வெளிச்சத்தைப் போல நேர்கோட்டில் போகிறது. முகட்டில் ஏற்றிய விளக்கு தொலைதூர ஊருக்குத் தெரியும், அதே மலையின் மடியில் ஒதுங்கிய ஊருக்குத் தெரியாது. கோடைப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில், 10 கிலோவாட் திறனில் ஒலிக்கிறது. 2,000 மீட்டர் உயரத்திலிருந்து சமவெளியை நோக்கினால், கணக்குப்படி அலை 180 கிலோமீட்டர் வரை எட்டும். குறுக்கே ஒரு முகடு வந்துவிட்டால் பத்துக் கிலோமீட்டர்கூட எட்டாமல் போகலாம். திறனைக் கூட்டினாலும் அந்த நிழல் முழுவதும் விலகாது. பள்ளத்தைப் பார்த்தபடி எதிர்முகட்டில், நிலையத்தின் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு சிறிய மறுஒலிபரப்பி வைப்பதுதான் வழி. ஆட்கள் குறைவு என்ற காரணத்துக்காக அதை மறுக்கக் கூடாது. பொது வானொலி முதலில் கடமைப்பட்டிருப்பது வேறு வழியில்லாத ஊருக்குத்தான்.

அதுவரை ஒன்று செய்து பாருங்கள். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் அளவுக்கு ஆன்டெனாவை நீட்டுங்கள். இன்னொன்று, பாறையில் மோதித் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றுக்கொன்று வலுச் சேர்க்கும், ஓரிரு முழம் தள்ளினால் ஒன்றையொன்று அழிக்கும். பூம்பாறைப் பக்கம் ஒரு டீக்கடையில், அடுப்பு மேடையில் இரைந்துகொண்டிருந்த பெட்டியை ஜன்னலோரம் கொண்டுபோனதும் செய்தி வாசிப்பவரின் குரல் தெளிந்து வந்தது. கடைக்காரர் அங்கேயே ஓர் ஆணி அடித்து, சுற்றிலும் கரியால் வட்டம் போட்டுவிட்டார். அதில் வேறு எதையும் மாட்ட அவர் யாரையும் விட்டதில்லை.

செல்பேசியிலேயே கேட்கலாமே, தனிப் பெட்டி எதற்கு?
(பண்ணைக்காட்டிலிருந்து ஓர் இளைஞர்)

இணையம் இருக்கும்வரை கேட்கலாம், தம்பி. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மலையெங்கும் மரங்கள் சாய்ந்து மின்சாரம் நின்றது. செல்பேசிக் கோபுரம்கூட, அதன் பேட்டரியும் டீசலும் தீரும்வரைதான் வேலை செய்யும். பேட்டரிக் கட்டை போட்ட சிறு வானொலிப் பெட்டிக்கு மின்சாரமும் வேண்டாம், செல்பேசிக் கோபுரமும் வேண்டாம். செல்பேசியிலேயே பண்பலை வசதி இருந்தால் இயர்போனைச் செருகிக் கேளுங்கள், அதன் ஒயர்தான் ஆன்டெனா. புதிய செல்பேசிகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. பேரிடர் காலத்துக்கு அது தேவை என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. பெட்டியை மூடி வைக்கும் நாட்களில் கட்டைகளைக் கழற்றி வையுங்கள். மலை ஈரத்தில் கசிந்து முனைகளை அரித்துவிடும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு நிலையம் தொடங்க முடியுமா?
(தாண்டிக்குடி மகளிர் குழு)

முடியும் அம்மா, ஆனால் தனிநபருக்கு உரிமம் கிடையாது. ஒரு பகுதி மக்களுக்கென நடத்தும் சிறு நிலையத்துக்குச் சமுதாய வானொலி என்று பெயர். கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் என்றிருந்த அது, 2006 முதல் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் திறந்துவிடப்பட்டது. பதிவு பெற்று, குறைந்தது மூன்று ஆண்டுகள் மக்கள் பணி செய்திருக்க வேண்டும். திறன் பொதுவாக 100 வாட், நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானவையாக இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை, அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். வானிலை, சந்தை விலை, சாலை அடைப்பு, மின்தடை ஆகியவற்றை நீங்களே சொல்லலாம், மலையில் காலையில் எழுந்ததும் தேவைப்படுவதும் இவைதான். நீலகிரியில் கோத்தகிரி சமுதாய வானொலி 90.4இல் பழங்குடி மொழிகளிலும் நிகழ்ச்சிகள் வருகின்றன. ஒரு நாள் பஸ் ஏறிப் போய், அங்கே மைக் முன் உட்காருபவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள்.

என் பாட்டி பளியர் பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் பேச்சைப் பதிவு செய்து வானொலிக்குத் தர ஆசை. எப்படிச் செய்வது?
(கல்லூரி மாணவி)

இதைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போக வேண்டாம், அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காரட்டும். தகர ஓட்டில் மழை விழும்போது பதிய வேண்டாம், விறகு வெடிக்கும் அடுப்பிலிருந்தும் தள்ளியிருங்கள். செல்பேசியை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் அடுத்த கேள்வியை உடனே கேட்காதீர்கள். கொஞ்சம் காத்திருந்தால் அவரே தொடர்வார், பெரும்பாலும் நல்ல பகுதி அப்போதுதான் வரும். முடிந்ததும் முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். "இது வெளியே போக வேண்டாம்" என்று அவர் சொல்லும் இடத்தை, காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.