நின்றே கழியும் பகல்

கேள்வி: தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன், வயது 38. மாலையானால் கணுக்கால் வீங்குகிறது. முழங்காலுக்குப் பின்னால் நரம்பு சுருண்டு பச்சையாகத் தெரிகிறது. என்ன செய்வது?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: நரம்பு என்று நீங்கள் எழுதியிருப்பது (எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்) உண்மையில் சிரை எனும் ரத்தக் குழாய். இதயத்தை நோக்கி மேலேறும் ரத்தம் திரும்பக் கீழிறங்காமல் தடுக்கும் அதன் சிறு வால்வுகள், நெடுநேரம் நிற்பதாலும் பிரசவங்களாலும் குடும்பவாகாலும் தளரும்போது, ரத்தம் தேங்கிக் குழாய் புடைக்கிறது. கெண்டைக்கால் தசைதான் அந்த ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு என்பதால், பிரித்துப்போட்ட புடவைகளை மடிக்கும்போதே குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குங்கள். இரவில் தலையணைமேல் காலை உயர்த்திச் சற்று நேரம் படுங்கள். அழுத்தக் காலுறையை மருத்துவர் பார்த்த பிறகே வாங்குங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என 2021இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. தனியாகக் கேட்கத் தயக்கமென்றால், நான்கைந்து பேராகச் சேர்ந்து முக்காலி கேளுங்கள்.