உறவினர் விட்டுச்சென்ற நாணயச் சேகரிப்பில் மதிப்புள்ள காசுகளைப் புதியவர் எப்படித் தேடுவது?

உங்கள் கேள்வி இது: பெரியவர் ஒருவர் சேர்த்து வைத்த நாணயங்கள் ஒரு பெட்டி நிறைய வந்திருக்கின்றன. பல நாட்டுக் காசுகள், பாதி உறைகளில், பாதி உதிரியாக. 1780 என்று போட்ட பெரிய வெள்ளிக் காசு ஒன்றும் இருக்கிறது. ஒன்றும் தெரியாத ஒருவர் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெட்டியை இன்னும் கொட்டிக் கலைக்கவில்லை என்றால் அப்படியே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். நான் கொட்டிக் கலைத்தவன்.

என் பெரியப்பாவின் சேகரிப்பு கைக்கு வந்தபோது முதல் வேலையாக எல்லா உறைகளையும் பிரித்து, நாடு வாரியாகக் குவியல் போட்டேன். ஓர் உறையில் விக்டோரியா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் ஏழெட்டு இருந்தன, எல்லாவற்றிலும் 1862 என்றே தேதி. உறை மேல் பெரியப்பா பென்சிலில் ஏதோ எண்களை வரிசையாக எழுதியிருந்தார். புரியவில்லை, உறையைத் தூக்கிப் போட்டேன். கறுத்திருந்த ரூபாய்களைப் பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.

பின்னால்தான் தெரிந்தது. 1862 என்ற அந்தத் தேதியை மாற்றாமலே 1874 வரை ரூபாய் அடித்திருக்கிறார்கள். அவற்றைப் பிரித்தறிய உதவுவது பின்புறத்தில் இருக்கும் சிறு புள்ளிகளின் எண்ணிக்கையும் அச்சின் சில நுணுக்கங்களும்தான். சில வகைகள் சாதாரணமாகக் கிடைக்கும், சில எளிதில் கிடைக்காது. பெரியப்பா எழுதி வைத்தது அந்தப் புள்ளிக் கணக்கு. எத்தனை மாலை உட்கார்ந்து எண்ணியிருப்பார்! அதை நான் ஒரே நாளில் குப்பைக்கு அனுப்பிவிட்டேன். தேய்த்த ரூபாய்களின் முகத்தில் இன்றைக்கும் கீறல்கள் இருக்கின்றன.

அதனால் என் முதல் வேண்டுகோள் இதுதான்: உறைகளையும் சீட்டுகளையும் காசுகளைப் போலவே பாதுகாத்து வையுங்கள். எந்தக் காசு எந்த உறையில் இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேகரித்தவர் ஒரு காசை மட்டும் தனியே மடித்து வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். வாங்கிய ரசீது, ஏலச் சீட்டு, பழைய நோட்டுப் புத்தகம் எது கிடைத்தாலும் அது உங்கள் தேடலைப் பாதியாகக் குறைக்கும்.

இரண்டாவது, கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். புதிதாக அடித்த காசின் மேல் நுண்ணிய வரிகள் இருக்கும். வெளிச்சத்தில் திருப்பும்போது ஒளி சக்கரம் போலச் சுழல்வது அவற்றால்தான். ஒருமுறை தேய்த்தால் அவை போய்விடும், திரும்ப வராது. பிறகு வரும் பளபளப்பு வேறு மாதிரி, தட்டையாகத் தெரியும். பழகியவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வெள்ளி கறுத்திருப்பதும் செம்பு பழுப்பாக மாறியிருப்பதும் குறையே இல்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தள்ளிப் போடக் கூடாது: பழைய பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் கிடந்த காசுகளில் பிசுபிசுப்பாகப் பச்சைப் படலம் இருந்தால், அது உலோகத்தை மெல்ல அரிக்கும். அந்த உறையிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் அந்தப் படலம் கரையும், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. தீப்பற்றும் திரவம் என்பதால் அடுப்புப் பக்கம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். செம்பில் பிடித்த களிம்பு வேறு சங்கதி, அசிட்டோன் அதைக் கரைக்காது. பழகியவர் பார்க்கும் வரை அதைத் தொடாமல் விடுங்கள்.

சரி, இனி தேடல். கருவிகள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு காந்தம், பக்கவாட்டிலிருந்து விழும் விளக்கு வெளிச்சம். காசை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள்.

புதியவர் எல்லோரும் முதலில் தேதியைப் பார்த்துப் பழையதைத் தனியே எடுத்து வைப்பார்கள். பழமைக்கும் மதிப்புக்கும் நாம் நினைக்கும் அளவு சம்பந்தம் இல்லை. நான்காம் நூற்றாண்டு ரோமானியச் செம்புக் காசுகள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன, தேய்ந்தவற்றைப் பெரிதாக யாரும் கண்டுகொள்வதில்லை. எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சின, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பதில்தான் விலை இருக்கிறது.

எனக்கு இதைப் புரிய வைத்தது 1909ஆம் ஆண்டின் லிங்கன் தலை போட்ட அமெரிக்க ஒரு சென்ட். வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் 'வி.டி.பி.' (V.D.B.) பின்புறம் அடியில் இருக்கும். அந்த எழுத்துகளோடு பிலடெல்பியாவில் அடித்தது ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம். அதே வடிவில் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது 4,84,000 மட்டும். வித்தியாசம் தேதிக்குக் கீழே இருக்கும் 'எஸ்' (S) என்ற ஒரே எழுத்து. அந்த எழுத்துக்காகத்தான் ஆட்கள் வருஷக்கணக்கில் தேடுகிறார்கள். ஆக, தேதியோடு நிற்காதீர்கள், எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் மின்ட் குறியையும் பாருங்கள். சில நாடுகளில் எழுத்து, சிலவற்றில் புள்ளி, நட்சத்திரம், வைரம். தேதிக்கு அடியிலோ தலைக்குப் பக்கத்திலோ ஒளிந்திருக்கும். ஒன்றும் இல்லாமல் இருப்பதும் சில நாடுகளில் ஒரு குறிதான்.

அடுத்தது உலோகம். ஒரே மாதிரி தெரியும் காசில் வருஷம் மாறினால் வெள்ளி மாறும். பிரிட்டிஷ் வெள்ளிக் காசுகள் 1920இல் 92.5 சதவீதத்திலிருந்து 50 சதவீத வெள்ளியாகக் குறைந்தன, 1947 முதல் வெள்ளியே இல்லை. அமெரிக்காவில் டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் மூன்றிலும் 1964 வரை 90 சதவீதம் வெள்ளி. அரை டாலரில் மட்டும் 1970 வரை 40 சதவீதம் தொடர்ந்தது. இந்திய ரூபாயில் 1940இல் வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது, 1947 ரூபாய் நிக்கல். இப்படி ஒரு சின்ன அட்டவணை எழுதி வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் குவியல் இரண்டாகப் பிரிந்துவிடும். அரிய காசு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் வெள்ளிக்கு உலோக மதிப்பு உண்டு.

காந்தத்தை அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள். வெள்ளியும் செம்பும் ஒட்டாது, அது சரி. ஆனால் ஒட்டுவதெல்லாம் போலி இல்லை. அந்த 1947 நிக்கல் ரூபாய் ஒட்டத்தான் செய்யும். 1943 அமெரிக்க சென்டை போருக்காகச் செம்பை மிச்சப்படுத்தி எஃகில் அடித்தார்கள். தவறுதலாக வெண்கலத்தில் விழுந்த மிகச் சில காசுகள் பெரும் புகழ் பெற்றுவிட்டதால், எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறார்கள். ஒட்டினால் அது முலாம். ஒட்டாவிட்டாலும் எடை 3.11 கிராம் அருகே வர வேண்டும். 1948இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியவையும் அந்த எடைக்கே வரும், அதனால் லென்ஸில் தேதியையும் பார்க்க வேண்டும்.

தேதியை மாற்றிய வேறு காசுகளும் வரும். 1944 சென்டின் முதல் நான்கைச் சுரண்டி ஒன்றாக்கினால், டென்வர் நகரில் அடித்த அரிதான 1914 காசு போலத் தெரியும். அங்கே ஓர் அழகான சாட்சி இருக்கிறது: 1918இல்தான் லிங்கனின் தோளில் 'வி.டி.பி.' வந்தது. 1914 என்று போட்ட காசின் தோளில் அந்த எழுத்துகள் தெரிந்தால், அந்தத் தேதி பொய். இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷம், அரிய காசு கிடைத்தால் வருவதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

அச்சுப் பிழைகளை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இரட்டையாகத் தெரியும் எழுத்துகளில் பெரும்பாலானவை அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வந்தவை, அவற்றுக்குத் தனி மதிப்பு கிடையாது.

இனி உங்கள் 1780. எனக்குத் தெரிந்து அது மரியா தெரசா தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசா இறந்தது 1780 நவம்பரில். வியாபாரிகள் அந்தக் காசையே நம்பிக் கேட்டதால், அதே தேதியோடு வியன்னா, லண்டன், பம்பாய் என்று பல ஊர்களில் இருபதாம் நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே 1780 என்ற எண் அதன் வயதைச் சொல்லாது. அதற்காக மனம் தளர வேண்டாம், நல்ல வெள்ளி அது. எடை 28.07 கிராம் அருகே வர வேண்டும். தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முக்குங்கள். தராசு 2.75 கிராம் போலக் காட்டினால் வெள்ளியின் அளவு சரி (28.07ஐ அதால் வகுத்தால் 10.2 வரும், வெள்ளை நிறத்து மலிவுக் கலவைகளில் 9கூட எட்டாது). பிறகு மென்மையான துணியில் ஒற்றி எடுங்கள். ஓரத்தில் 'யுஸ்டிட்டியா எட் கிளெமென்டியா', அதாவது 'நீதியும் கருணையும்' என்ற லத்தீன் வாசகம் மேடாக இருக்க வேண்டும்.

எந்தக் காலத்து அடி என்பதை அரசியின் ஆடை ஊசியில் இருக்கும் முத்துகளும் பின்புறக் கழுகின் வால் இறகுகளும் சொல்லும். மற்றக் காசுகளுக்கு நூமிஸ்டா என்ற இணையப் பட்டியலில் நாடும் மதிப்பும் போட்டுத் தேடினால் படம், எடை, உலோகம் எல்லாம் கிடைக்கும். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாங்க ஆசைப்படும் ஒருவர் சொல்லும் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், குறைந்தது இரண்டு பேரிடம் காட்டுங்கள்.

தாலரின் எடையையும் தண்ணீரில் காட்டிய அளவையும் எழுதி, முகப்பு, பின்புறம், ஓரம் மூன்றையும் படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள். இறகுகளைச் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.