கல்குவாரிக் குளத்தைச் சுற்றி சைக்கிள்: டயரில் எவ்வளவு காற்று, விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம்?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் ஊரில் வேலை நின்றுபோன ஒரு கல்குவாரி, தண்ணீர் நிறைந்து குளமாகிக் கிடக்கிறது. ஜெர்மனியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்களை ஏரியாக்கி, அதைச் சுற்றி கிராவல் சைக்கிள் (ஜல்லி, மண் தடங்களுக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டும் வீடியோக்களைப் பார்த்து நானும் இங்கே ஓட்டத் தொடங்கினேன். என்னிடம் இருப்பது 700-35 டயர் (35 மி.மீ. அகலம்) போட்ட ஹைபிரிட் சைக்கிள். என் எடை 78 கிலோ. வீடியோவில் சொன்னபடி 30 பிஎஸ்ஐ காற்று வைத்தேன். இரண்டு தடவையும் பின் டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. பிறகு 70 பிஎஸ்ஐ வரை அடித்தேன். இப்போது லாரித்தடத்தின் திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்குகிறது. கிராவல் பைக் வாங்கியே தீர வேண்டுமா? டியூப்லெஸ் ஆக்கினால் போதுமா? தண்ணீரை ஒட்டியே ஒரு சுற்றுப்பாதை பிடிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். தண்ணீரை ஒட்டி ஓட்ட வேண்டாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளத்தங்கரையில் சைக்கிள் மிதித்தே வளர்ந்தவர்களுக்குக் குவாரி விளிம்பும் அதுபோலத்தான் தோன்றும். இரண்டும் ஒன்றல்ல. தேரூர் குளத்தின் கரையோ வேம்பனூர் குளத்தின் கரையோ தண்ணீரைத் தாங்குவதற்கென்றே மண் போட்டு இறுக்கி, இருபுறமும் சரிவு வைத்துக் கட்டியது. குவாரி விளிம்பு, கல்லை வெட்டி எடுத்தபின் மிஞ்சிய செங்குத்துச் சுவர். அந்தச் சுவரின் மேல் நீங்கள் மிதித்துப் போகிற தரை பெரும்பாலும் பாறை அல்ல. கல்லை எட்டுவதற்காகத் தோண்டி ஒதுக்கிய மேல்மண்ணும் உடைசல் கல்லும்தான் அங்கே கிடக்கும். லாரியில் கொண்டுவந்து கொட்டியதோடு சரி, யாரும் அதை இறுக்கியதில்லை. மழைநீர் இறங்கி இறங்கி அடியில் மண் அரித்துப்போனாலும் மேலே புல் பச்சையாகவே இருக்கும்.

நீங்கள் வீடியோவில் பார்த்த இடத்திலேயே இது நடந்திருக்கிறது. ஜெர்மனியின் லுசாட்டியா பகுதியில் உள்ள சென்ஃப்டன்பெர்க் ஏரி, 1967 முதல் 1972 வரை தண்ணீர் நிரப்பப்பட்ட பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். நடுவில் உள்ள தீவு கொட்டிய மண் என்பதால் அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது. 2018 செப்டம்பரில் அந்தத் தீவின் கரை சரிந்தபோது ஏரியையே மூடினார்கள். 2009 ஜூலையில் நாக்டர்ஸ்டெட் என்ற ஊரில், இதேபோல் சுரங்கத்தை நிரப்பிய ஏரியின் கரை வீடுகளோடு உள்ளே போய் 3 பேர் இறந்தார்கள். அங்கே ஏரியைச் சுற்றிப் பாதை போடுவதற்கு முன், கொட்டிய மண்ணை ஆழத்திலிருந்து அதிர்வு கொடுத்து இறுக்குகிறார்கள், சரிவைத் தணிக்கிறார்கள், இறுக்காத கரையை வேலி போட்டு அடைக்கிறார்கள். நம் ஊர்க் குவாரிக்கு அப்படி எதுவும் செய்திருக்க மாட்டார்கள்.

அதனால் லாரி ஏறி இறங்கிய பழைய தடம் எதுவோ, அதுதான் உங்கள் பாதை. பல வருடம் பாரம் ஏறி இறுகிய தரை அது ஒன்றுதான். அந்தத் தடமே விளிம்புக்கு 10 மீட்டருக்குள் வந்தால் அந்தத் துண்டை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். முழு வட்டம் சுற்றியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்பு, தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த மரம், சுவரின் அடியில் புதிதாக விழுந்து கிடக்கும் மண், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். கனமழை பெய்தால் மூன்று நாள் விடுங்கள். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை என்பதால் வருடத்தில் நிறைய நாள் இந்தக் கணக்கில் போகும், போகட்டும்.

குளிக்க இறங்கவே வேண்டாம். செங்குத்துச் சுவரில் கை பிடித்து ஏற இடமிருக்காது. கூட வந்தவர் விழுந்துவிட்டால் நீங்களும் குதிக்காமல், கயிறோ, காற்றடித்த டியூபோ, மூடி இறுக்கிய காலி கேனோ எறிந்துவிட்டு 112-ஐ அழையுங்கள். குவாரி நிலம் புறம்போக்கா, பட்டாவா என்பதை விசாரித்து, அனுமதி வாங்கி நுழையுங்கள். பக்கத்தில் வேலை நடக்கும் குவாரி இருந்தால் வெடி வைக்கும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சைக்கிளுக்கு வருவோம். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்: டயரின் அகலம் போதவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் முள் குத்தவில்லை; பாம்பு கடித்த தடம்போல் இருக்கும் அந்த ஓட்டைகள், கல்லில் ஏறும்போது டயர் நசுங்கி, ரிம்மின் இரண்டு ஓரமும் டியூபைக் கவ்வியதால் வந்தவை. 30 பிஎஸ்ஐ என்பது 45 மி.மீ. டியூப்லெஸ் டயருக்கான கணக்கு. 35 மி.மீ. டயரில், டியூபும் வைத்து, 78 கிலோவுக்கு அது போதாது. 70-க்கு ஏற்றியதும் டயர் கட்டையாகிவிட்டது. லாரித்தடத்தில் இறுகிய தரையின் மேல் 20 மி.மீ. ஜல்லி உதிரியாகக் கிடக்கும்போது அது கோலிக்குண்டு பரப்பின மாதிரி. கட்டையான டயர் அதன் மேல் உருண்டு போகும், அமுங்கிக் கவ்வாது.

டயரை அகலமாக்குவதுதான் இதற்கு வழி. புது சைக்கிள் வாங்கும் முன் இந்த சைக்கிளிலேயே 700-40 ஏறுமா என்று பாருங்கள். அளவு டேப் தேவையில்லை, ஆலன் கீ (ஆறு பக்க போல்ட் சாவி) போதும். இப்போதிருக்கும் 35 டயரின் பக்கவாட்டில், பின்சக்கரத்தின் இருபுறமும் ஓடும் கீழ்க் குழாய்கள் பெடல் அச்சை நெருங்கும் இடத்தில், 8 மி.மீ. ஆலன் கீ இரண்டு பக்கமும் உரசாமல் நுழைய வேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தலைக்கும் டயரின் மேற்பரப்புக்கும் இடையில் 10 மி.மீ. கீ நுழைய வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு குழாயை இணைக்கும் பிரேக் பாலத்துக்கு அடியிலும் அப்படியே. 40 டயர் பக்கத்துக்கு 2.5 மி.மீ., உயரத்தில் ஏறக்குறைய 5 மி.மீ. கூடும், அதன் பிறகும் 5 மி.மீ. இடைவெளி மிஞ்சினால்தான் செம்மண் சேறும் ஜல்லிச் சில்லும் சிக்காமல் வெளியேறும். 5-க்குக் குறைந்தால் ஒரே ஒரு கல் ஃபிரேமின் பெயின்டை வட்டமாக அறுத்துவிடும். கார்பன் ஃபோர்க் என்றால் ஃபோர்க்கையே அறுக்கும். மட்கார்டைக் கழற்றிவிட்டு அளங்கள். பழைய டயரின் ஓரத்தில் 35-622 என்று அச்சடித்திருக்கும்; முதல் எண் அகலம், 622 ரிம் அளவு. புது டயரில் 40-622 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நடுவில் சிறு கட்டைகள் நெருக்கமாக, ஓரத்தில் பெரிய கட்டைகள் இருக்கும் வார்ப்பு நம் தரைக்குச் சரி.

40 டயரில் டியூபோடு, உங்கள் எடைக்கு முன்சக்கரம் 40, பின்சக்கரம் 45 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ஒரே 200 மீட்டர் ஜல்லித் துண்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் 2 பிஎஸ்ஐ குறைத்து ஓட்டிப் பாருங்கள். ரிம் கல்லில் தட்டும் ‘டக்’ சத்தம் ஒரு தடவை கேட்டாலும் 3 ஏற்றி அங்கேயே நிறுத்திவிடுங்கள். இதற்கு கேஜ் வைத்த ஃபுளோர் பம்பு கட்டாயம். பெட்ரோல் பங்கு கம்பிரசரில் சைக்கிள் டயரின் சிறு காற்றளவில் 5 பிஎஸ்ஐ வித்தியாசம் எளிதில் வரும், இந்தக் கணக்கே அதில் கெட்டுவிடும். 40 ஏறவே இடமில்லையென்றால் இப்போதைய 35-லேயே முன் 48, பின் 53 வையுங்கள். வழுக்கல் முழுக்கத் தீராது, குறையும்.

டியூப்லெஸ் நல்லதுதான், ஆனால் ரிம் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். ‘டியூப்லெஸ் ரெடி’ என்று குறிப்பில்லாத ரிம்மில் டேப் ஒட்டி ஒப்பேற்றினால், திருப்பத்தில் டயர் ஓரம் ரிம்மை விட்டு விலகி ஒரே நொடியில் காற்று போகும். சரியான ரிம் இருந்தால் 40 டயருக்கு 60 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றி, காற்றை முன் 31, பின் 35 ஆக இறக்கலாம்.

இந்தச் சீலன்ட் என்ன என்று குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் விளைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெரும்பாலான சீலன்ட் அடிப்படையில் ரப்பர் பால். உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்து, ஓட்டையை அடைக்கப் பொடித்துகளும் கலந்தது. அதற்காகச் சிரட்டையில் வடிந்த பாலைக் கொண்டுபோய் டயரில் ஊற்றாதீர்கள், அது சீக்கிரமே உறைந்து ஒட்டுப்பால் உருண்டையாக நிற்கும். கடைச் சீலன்டும் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் அதே கதிக்கு வந்துவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். தளும்பும் சத்தம் கேட்காவிட்டால் 30 மி.லி. சேருங்கள். கார்பன்-டை-ஆக்சைடு குப்பியால் காற்றடித்தாலும் ரப்பர் பால் சீலன்ட் உறையும். கைப்பம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் முறையில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போது பிடித்து முடியுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி அதன் மேல் எடையை ஊன்றி, கண்ணைத் திருப்பம் முடியும் இடத்தில் வையுங்கள். லாரிச் சக்கரம் உருண்ட இரண்டு தடமும் இறுக்கமாக இருக்கும், நடு மேட்டில்தான் உதிரிக்கல். ஒரு தடத்திலிருந்து மற்றதற்கு மாற வேண்டுமானால் மேட்டைக் குறுக்காக, கூடியவரை செங்கோணத்தில் கடங்கள்.

குவாரிப் பொடி ஈரமானால் அரைத்த மாவுபோல ஒட்டும், அதற்குள் இருப்பது கல்துகள். ரிம்மையே கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் பிரேக் கட்டையில் அது பதிந்து ரிம்மையே தேய்க்கும். ஊசியால் துகளைக் கிளறி எடுத்துவிடுங்கள். மணவாளக்குறிச்சி கடற்கரை மணல் இன்னும் மோசம். அங்கே செந்நிறமாகத் தெரிவது கார்னெட், உப்புத்தாளில் ஒட்டுகிற அதே தாது. போதாததற்கு உப்புக்காற்று. அங்கே 40 டயர் புதையவும் செய்யும், விட்டுவிடலாம்.

குவாரிக்கு மாற்றாக, நம் மாவட்டத்துக்கே உரிய நல்ல கிராவல் பாதை சானல்கரை, அதாவது பாசனக் கால்வாயின் கரை. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் கொண்டுபோகும் பட்டணங்கால், தோவாளை சானல், அனந்தனாறு, இவற்றின் கரையில் பல இடங்களில் ஜீப் போகும் அகலத்துக்குச் செம்மண் சரல் பாதை ஓடுகிறது. சரிவு மிகக் குறைவு, நிழல் உண்டு. வழக்கமாக ஜூனில் தண்ணீர் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைப்பார்கள். அடைத்த மாதங்களில் தூர்வாரிய மண் கரையில் குவிந்திருக்கலாம். தோவாளைப் பக்கம் ஆடி மாதக் காற்றுக்கு எதிரே போய்விட்டுத் திரும்புகிற மாதிரித் திட்டமிடுங்கள், களைத்த பிறகு காற்று முதுகில் இருக்கும். சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும்போது அங்கே கும்பலாகப் போகாதீர்கள்.

பையில் ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், பஞ்சர் ஒட்டு, கைப்பம்பு, 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ. வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்துவிட்டு எண்ணெய் இடுங்கள், துடைக்காமல் இட்டால் பொடி உள்ளே போய் உட்காரும். மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்து 24 கண்ணியை, ஒரு பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளங்கள். புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 306.3-ஐத் தொட்டதும் செயினை மாற்றினால், அதைவிட விலை கூடிய பின் பல்சக்கரம் பிழைக்கும்.