குழாயிலும் ஓயாத இரத்தம்: கேள்வி பதில்

கேள்வி: காலை 6 மணிக்கு வீட்டுக்கு வந்து, வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துச் சென்றார்கள். அப்போதே குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 112 இருந்தது. ஆய்வகமோ 88 என்கிறது. எதை நம்புவது?

பதில்: குளுக்கோமீட்டரே 15 சதவீதம் வரை முன்பின் காட்டக்கூடிய கருவி என்பதால், அதை மட்டும் வைத்து ஆய்வகத்தைக் குறை சொல்ல இயலாது. ஆனால் மாதிரி எந்தக் குழாயில் எடுக்கப்பட்டது, எத்தனை மணிக்குச் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். உடலை விட்டு வந்த பின்னும் இரத்த அணுக்கள் குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பநிலையில் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடிக் குழாயிலுள்ள சோடியம் ஃபுளோரைடு இதைத் தடுக்கும் என்றாலும், அது முழுமையாக வேலைசெய்ய ஓரிரு மணி நேரம் ஆவதால், தொடக்க இழப்பு அதிலும் உண்டு.

கேள்வி: நாங்கள் சேகரிப்பு மையம் நடத்துகிறோம். இரவில் எடுக்கும் மாதிரிகளைக் கவனமாகக் குளிர்பெட்டியில்தான் வைக்கிறோம். இருந்தும் பொட்டாசியம் அடிக்கடி அதிகமாக வருகிறதே?

பதில்: அந்தக் கவனமே காரணமாக இருக்கலாம். சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல 20 மடங்குக்கும் மேல். அதை உள்ளே தக்கவைக்கும் பம்பு குளிரில் முடங்கிவிடுவதால், விடியும்வரை பொட்டாசியம் கசிந்துகொண்டிருக்கும். நான் முன்பு பணிசெய்த ஆய்வகத்துக்கு ஒரே மையத்திலிருந்து காலையில் வந்த ஐந்து மாதிரிகளில் நான்கில் பொட்டாசியம் இயல்பை மீறி 6-ஐத் தாண்டியிருந்தது. சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெளிந்த வைக்கோல் நிறம். அணுக்கள் உடைந்திருந்தால் தெரியும் செம்மை துளியும் இல்லை. அதனால்தான் இந்தப் பிழை கண்ணுக்குத் தப்புகிறது. 30 நிமிடம் உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, சீரத்தைப் பிரித்த பிறகே குளிர்பெட்டிக்கு அனுப்புங்கள். சீரத்துக்கும் அணுக்களுக்கும் இடையே ஜெல் தடுப்பாக நிற்கும் குழாயை மறுநாள் இரண்டாம் முறை சுழற்றக் கூடாது. ஜெல்லுக்குக் கீழே தேங்கியது மேலே வந்துவிடும். பொட்டாசியம் எகிறி, கால்சியம் மட்டும் நம்ப முடியாத அளவுக்குச் சரிந்திருந்தால் கதை வேறு: ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க இடப்படும் ஈ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொட்டாசியம் உப்பு) சீரம் குழாயில் கலந்திருக்கிறது. ஊதாவை எப்போதும் சீரம் குழாய்க்குப் பின்னரே நிரப்ப வேண்டும்.

கேள்வி: மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி மாதிரியும் இப்படிக் கெடுமா?

பதில்: கெடாது. ஊதா மூடிக் குழாயில், குளிர்பெட்டியில், ஒரு வாரம் தாங்கும். உறைய மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: என் தாயாருக்குப் பிளேட்லெட் 48,000 என்று வந்திருக்கிறது. காய்ச்சலோ இரத்தக்கசிவோ எதுவுமில்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: மருத்துவரிடம் காட்டுங்கள், மறுபரிசோதனையையும் கேளுங்கள். சிலரது பிளேட்லெட்டுகள் ஈ.டி.டி.ஏ. பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால், கருவி அவற்றைச் சரியாக எண்ணாது. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தீற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தத் திரள்கள் தெரியும். அப்படி இருந்தால் இளநீல மூடியிட்ட சிட்ரேட் குழாயில் எடுத்து எண்ணி, அதிலுள்ள திரவம் இரத்தத்தை நீர்க்கச் செய்வதை ஈடுகட்ட, வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்குவார்கள்.