மகள் டெக்சஸில் படிக்கிறாள், கலிஃபோர்னியா கோர்ட்டிலிருந்து ஜூரி சம்மன்

டெக்சஸில் படிக்கும் மகளுக்கு கலிஃபோர்னியா கோர்ட்டிலிருந்து ஜூரி சம்மன் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார வரச் சொல்லும் அழைப்பு) வந்திருக்கிறது, மாணவர்களுக்கு விலக்கு உண்டு என்று நண்பர் ஒருவர் சொன்னார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் மாணவி என்ற ஒரே காரணத்துக்காக விலக்கு கிடையாது. தேதியைத் தள்ளிப்போடக் கேட்கலாம். பரீட்சை வாரம் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கோடை விடுமுறையில் ஒரு தேதி கேளுங்கள்.

நண்பர் சொன்ன "மாணவர் விலக்கு" டெக்சஸ் சட்டத்தில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது டெக்சஸ் கோர்ட் அனுப்பும் சம்மனுக்கு மட்டும். அவள் படிக்கும் மாநிலத்தின் சட்டம் இங்கே உதவாது.

சம்மன் ஏன் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது என்றால், அவளுடைய டிரைவிங் லைசென்ஸோ வாக்காளர் பதிவோ இன்னும் அங்குள்ள வீட்டு முகவரியில்தான் இருக்கும். ஜூரிக்கான பெயர்ப் பட்டியலைப் பெரும்பாலும் இந்தப் பதிவுகளிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

முதலில் சம்மனின் தலைப்பில் எந்த கோர்ட் என்று பாருங்கள். கவுன்டி கோர்ட் (மாநிலத்தின் உள்ளூர் கோர்ட்) என்றால் மேலே சொன்னதுதான். ஃபெடரல் கோர்ட் (அமெரிக்க மத்திய அரசின் கோர்ட்) என்றால் விதி அந்தக் கோர்ட்டின் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், அவர்களிடமே கேட்க வேண்டும். பிறகு அதிலுள்ள ஜூரர் எண்ணைக் கொண்டு தேதியைத் தள்ளிப்போட அவளே விண்ணப்பிக்கட்டும். கல்லூரியின் சேர்க்கைச் சான்றும் பரீட்சை அட்டவணையும் கையில் இருக்கட்டும்.

அவள் அமெரிக்கக் குடிமகள் இல்லையென்றால் கதையே வேறு: ஜூரியாக உட்காரவே முடியாது, படிவத்தில் அதைக் குறித்து அனுப்பினால் போதும். எப்படியானாலும் பதில் போடாமல் விடாதீர்கள். ஃபெடரல் சம்மனுக்கு 1,000 டாலர் வரை அபராதம், 3 நாள் வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது.