பிஸ்டல் சிக்குகிறதா? மேகசினில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: ரைஃபிள் கிளப்பில் 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டல் பழகுகிறேன். .22 பிஸ்டலை இரண்டாம் கையாக, தோட்டா அடுக்கும் மேகசின் இரண்டோடு வாங்கினேன். ஐந்து ரவுண்டு போட்டால் மூன்றாவதோ நான்காவதோ சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏறாமல் மூக்கு குத்தி நிற்கிறது. கடைக்காரர் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: ஸ்பிரிங்குக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். "மூக்கு குத்தி நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது. ரீகாயில் ஸ்பிரிங்தான் சுட்டபின் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியை, முன்னே தள்ளி மூடுவது. அது தளர்ந்திருந்தால் தோட்டா பெரும்பாலும் உள்ளே போயிருக்கும், ஸ்லைடு மட்டும் முழுதாக மூடாமல் நிற்கும். தோட்டாவின் முனை ராம்ப்பின் (சேம்பருக்குள் ஏற்றிவிடும் சரிவு) அடியில் இடித்து நிற்கிறதென்றால் மேகசின் அதைச் சரியான கோணத்தில் தூக்கிக் கொடுக்கவில்லை.

சிக்கியதும் கை பரபரக்கும், படபடவென்று ஸ்லைடை இழுத்துவிடுவோம். அதோடு தடயமும் போய்விடும். குழல் இலக்கை நோக்கியபடியே இருக்கட்டும், விரல் ட்ரிகரை விட்டு வெளியே. முனை கீழே இடிக்கிறதா, மேலே நிமிர்ந்து நிற்கிறதா, காலி கேஸ் (சுட்டபின் மிஞ்சும் கூடு) வெளியேறாமல் குறுக்கே இருக்கிறதா, இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அப்புறம் மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடைத் திறந்து சேம்பர் காலிதானா என்று பாருங்கள். போட்டியில் மட்டும் இந்த வேலை கூடாது. கையை உயர்த்திவிட்டு ரேஞ்ச் ஆபீசர் வரும்வரை எதையும் தொடாமல் நில்லுங்கள். நீங்களாகத் திறந்துவிட்டால், துப்பாக்கியின் கோளாறாகவே இருந்தாலும் அனுமதிக்கத்தக்க கோளாறு என்ற சலுகை கிடைக்காது.

அடுத்து, மேகசின்களின் அடியில் பெயின்ட் மார்க்கரால் 1, 2 என்று எழுதுங்கள். ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) தோட்டாவில் ஒவ்வொன்றிலும் 50 ரவுண்டு சுடுங்கள். எந்த மேகசின், எத்தனையாவது ரவுண்டு, எப்படிச் சிக்கியது என்று நோட்டில் குறித்து வாருங்கள். சிக்கல் ஒன்றாம் எண்ணிலேயே வந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். இரண்டிலும் வந்தால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் துப்பாக்கியைச் சந்தேகிக்க வேண்டும்.

மேகசினில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, தோட்டாவைப் பிடித்து நிற்கும் மேல் உதடுகள். மேகசினை சிமென்ட் தரையில் தலைகீழாக ஒரே ஒரு தடவை போட்டாலும் இந்த மெல்லிய தகடு விரிந்துவிடும். வெர்னியரால் இரண்டு மேகசினின் வாய் அகலத்தையும் அளந்து ஒப்பிடுங்கள், கால் மில்லிமீட்டர் வித்தியாசமே கோணத்தை மாற்றப் போதும். குறடு வைத்து நெளிக்கப் போகாதீர்கள், புது மேகசின் வாங்குவதே மேல்.

இரண்டாவது, உள்ளே தோட்டாவைத் தள்ளும் ஃபாலோயர். .22 தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டு, மேலுறை இல்லாத ஈயம், மேலே மெழுகு பூசியிருக்கும். அந்த மெழுகும் கரியும் சேர்ந்து மேகசினுக்குள் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். காலி மேகசினில் ஒரு மரக்குச்சியால் ஃபாலோயரை அடிவரை அழுத்தி, மெல்ல விடுங்கள். எங்காவது தயங்கி நின்று பிறகு துள்ளினால், உங்கள் மூன்றாவது ரவுண்டு தடுமாறுவது அந்த இடத்தில்தான். கழற்றித் துடைத்து, உலர்வாகவே மாட்டுங்கள். உள்ளே எண்ணெய் விட்டால் அது தூசியைப் பிடித்து வைக்கும், தோட்டாவுக்குள் கசிந்தால் வெடிமருந்தையும் கெடுக்கும்.

மூன்றாவது, நீங்கள் தோட்டா அடுக்கும் விதம். .22 தோட்டாவுக்கு அடிவிளிம்பு புடைத்திருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் விழுந்துவிட்டால், முன்னே நகரும்போது கீழே உள்ளது அதைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக, பொறுமையாக அடுக்குங்கள்.

தோட்டாவைப் பொறுத்தவரை, போட்டிப் பிஸ்டல்கள் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (நடுத்தர வேக) 40 கிரெய்ன் குண்டுக்கென்று அமைந்தவை; கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு. வேகம் நொடிக்கு 325 மீட்டர் அளவில் இருக்கும். அதைவிட வேகமான தோட்டா ஸ்லைடை முரட்டுத்தனமாக அடிக்கும். ரொம்ப மெதுவானது ஸ்லைடை முழுதாகப் பின்னே தள்ளாது, அடுத்த ரவுண்டு எடுபடாமலே போகும். மலிவாகக் கிடைக்கிறதென்று 500 ரவுண்டு கட்டு வாங்காதீர்கள். இரண்டு மூன்று வகையில் 50 ரவுண்டு பெட்டி ஒவ்வொன்று வாங்கிச் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போவதை மொத்தமாக எடுங்கள்.

தோட்டா முக்கால்வாசி நுழைந்து ஸ்லைடு ஓரிரு மில்லிமீட்டர் மூடாமல் நிற்பது வேறு கதை. சேம்பரின் முன்பகுதியில் மெழுகும் ஈயமும் வளையமாக இறுகியிருக்கும். வெண்கல பிரஷ்ஷை சேம்பர் பக்கத்திலிருந்து விட்டுச் சுழற்றி எடுங்கள், காலி கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியையும் பல்குச்சியால் சுரண்டுங்கள். ஆனால் மூடாத ஸ்லைடைக் கட்டைவிரலால் தட்டி மூடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். .22-ல் வெடிப்பொருள் அந்த விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. விளிம்பு நசுங்கினால், ஸ்லைடு முழுதாக மூடுவதற்குள் வெடித்துவிடலாம்.

கேள்வி: தற்காப்பு லைசென்ஸில் .32 பிஸ்டல் வைத்திருக்கிறேன். வழக்கமான உருண்டை மூக்குத் தோட்டா ஓடியது. இப்போது வாங்கிய குழிமுனைத் தோட்டா மேகசினுக்குள்ளேயே இறுகிக்கொள்கிறது. விரலால் அழுத்தினாலும் அசைய மாட்டேன் என்கிறது.

பதில்: இதுவும் மேலே சொன்ன விளிம்புக் கொக்கிதான், .32-ல் இன்னும் பிடிவாதமாக வரும். உங்கள் பிஸ்டலின் .32 ஏ.சி.பி. தோட்டாவை அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வடிவமைத்தபோது முழு விளிம்பும் வைக்கவில்லை, விளிம்பில்லாமலும் விடவில்லை. கேஸின் உடல் சுமார் 8.5 மி.மீ., அடிவிளிம்பு சுமார் 9.1 மி.மீ. சுற்றிலும் துருத்திக்கொண்டிருப்பது 0.3 மி.மீ.தான், கொக்கி போட அது தாராளம்.

71 கிரெய்ன் உருண்டை மூக்குத் தோட்டாவின் நீளம் ஏறக்குறைய 25 மி.மீ. மேகசின் அந்த நீளத்துக்கென்றே செய்தது, தோட்டா முன்னும் பின்னும் நகர இடமில்லை. குழிமுனைத் தோட்டா ஓரிரு மில்லிமீட்டர் குட்டை. ஒவ்வொரு அதிர்விலும் மேல் தோட்டா அந்த இடைவெளியில் நகர்ந்து, அதன் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் விழுந்துவிடுகிறது. ஸ்லைடை எத்தனை தடவை இழுத்தாலும் தீராது. மேகசினைக் கழற்றி, அடித்தகடு கழலும் வகையாக இருந்தால் ஸ்பிரிங் தெறிக்காமல் விரலால் மறைத்தபடி அடிவழியாக எடுக்க வேண்டும். தகடு கழலாவிட்டால் ஆயுத டீலரிடம் கொடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தோட்டாவின் அடியில் உள்ள ப்ரைமரில் (அடித்தால் தீப்பற்றும் பகுதி) குத்திவிடும் அபாயம் உண்டு.

உங்களுக்கு என் பரிந்துரை பழைய உருண்டை மூக்குத் தோட்டாவே. உயிர் போகிற நேரத்தில், நின்றுபோன நவீனத் தோட்டாவைவிட ஓடுகிற பழைய தோட்டா எவ்வளவோ தேவலை. கடையில் வாங்குமுன் ஒரு தோட்டாவை வெர்னியரில் வைத்து நீளம் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இரவில் ஏற்றி, காலையில் இறக்கி, மறுபடி அதே தோட்டாவை முதலில் வைப்பவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு முறையும் ராம்ப்பில் இடிபட்டுக் குண்டு கேஸுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். நீளம் குறைந்தால் சிக்கும், உள்ளே இடம் குறைவதால் சுடும்போது அழுத்தமும் எகிறும். இரண்டு தடவை ஏற்றிய தோட்டாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ரேஞ்சில் சுட ஒதுக்கிவிடுங்கள். புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே குட்டையானது தெரிந்தால், அதைச் சுடவும் வேண்டாம், டீலரிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் போடலாமா? ராம்ப்பை லேத் பட்டறையில் கொடுத்து வழுவழுப்பாக்கலாமா?

பதில்: தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் பாட்டிலிலேயே உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், நாள்பட்டால் பசையும் ஆகும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஸ்லைடு ஓடும் தடங்களில் ஒவ்வொரு துளி. லேத் பட்டறைக்கு மட்டும் போகாதீர்கள். ராம்ப்பின் கோணம் மாறினால் திரும்ப வராது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள்.

கேள்வி: புதுப் பிஸ்டல், வாரண்டி இருக்கிறது. முதல் பெட்டியிலேயே ஏழு தடவை சிக்கியது. "200 ரவுண்டு சுட்டால் பழகிவிடும்" என்கிறார் டீலர்.

பதில்: புது ஸ்பிரிங் இறுக்கமாக இருந்து, சுடச் சுடத் தளர்வது உண்மைதான். ஆனால் அந்த 200 ரவுண்டு உங்கள் லைசென்ஸில் எழுதியிருக்கும் தோட்டா எண்ணிக்கையிலிருந்து கழியும், பணமும் உங்களுடையது. பழகும் காலம் என்று ஒன்று இருந்தால் கையேட்டில் அச்சாகியிருக்க வேண்டும், அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கையேடு சொல்லும் வகைத் தோட்டாவையே போட்டீர்களா என்பதையும் சரிபாருங்கள், டீலரும் தயாரிப்பாளரும் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு எழுத்தில் போங்கள். பிஸ்டலின் வரிசை எண், மேகசின் எண், தோட்டாப் பெட்டியின் லாட் எண், எத்தனை ரவுண்டில் எத்தனை சிக்கல், ரேஞ்சில் எடுத்த படங்கள். சிக்கிய நிலையிலேயே படம் எடுங்கள், குழல் இலக்கை நோக்கி இருக்க, வேறொருவர் பின்னால் நின்று எடுக்கட்டும். இதை ஸ்பீட் போஸ்ட்டில் டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் அனுப்புங்கள். பிஸ்டலைப் பழுதுக்கு ஒப்படைக்கும்போது தேதியும் வரிசை எண்ணும் போட்ட ரசீது இல்லாமல் கையை விட்டு விடாதீர்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.