சிக்னலில் நின்றால் சூடேறும் கார்: கேள்வி பதில்

மதுரை: பழைய சான்ட்ரோ. பைபாஸில் டெம்பரேச்சர் முள் பாதியிலேயே நிற்கிறது. சிக்னலில் மூன்று நிமிடம் நின்றால் ஏறிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா அண்ணா?

மாற்றாதீர்கள். ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. நின்றால் அதற்கு ஃபேன் ஒன்றுதான் கதி. நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி, நின்றால் மட்டும் சூடாகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. சூட்டை அறிவிக்கும் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபியூஸ், அடுத்து ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே. கடைசியாகத்தான் மோட்டார்: பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுற்றினாலும் போதாது. உள்ளே மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் சோம்பலாகச் சுற்றும். கிரில் முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள், உள்ளே இழுத்து ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் யாரோ வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றலாம், கையை உள்ளே விடாதீர்கள்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் கொதித்துப் பீறிடும். என் பட்டறையில் ஒரு பையனின் முகம் வெந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

கோவை: போர் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

திருச்சி: ஒழுகல் இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது. காலையில் வெள்ளைப் புகை, வண்டி சூடான பிறகும் நிற்பதில்லை.

இது ஃபேன் கோளாறு இல்லை. எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஆயில் மோர் போல வெளுத்திருக்கிறதா, எஞ்சின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.

சேலம்: ஸ்விஃப்ட், சிக்னலில் மட்டும் சூடாகிறது.

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு: நானும் 25 வருட மெக்கானிக். நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றி எறியுங்கள்.

அண்ணே, இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளியே 42 டிகிரி வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டிய 90 டிகிரியில் அது பாதிகூட இல்லை. எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறத் தாமதமாகும், எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும், மைலேஜ் விழும்.

ஈரோடு: கழற்றிய வண்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன?

ஓடும். ஆனால் சில எஞ்சின்களில் சூடான பிறகு, ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் குழாயையும் தெர்மோஸ்டாட்தான் அடைக்கிறது. அதைக் கழற்றினால் ஒரு பங்கு கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும், சூடு இன்னும் ஏறும். பழுதா என்று தெரிய வேண்டுமானால் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் 82 என்று அடித்திருந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிதாகப் போடுங்கள். ஓட்டையாக விடாதீர்கள்.

தேனி: ஸ்விஃப்ட், டிராஃபிக்கில் சூடாகிறது...

ஃபேன். மேலே இருக்கிறது.

நாகர்கோவில்: பொலேரோவில் ஏசி போட்டுப் பார்க்கும் சோதனை சரிவருமா?

சரிவராது. அதில் விஸ்கஸ் கப்ளிங் ஃபேன்: மின் மோட்டார் இல்லை, திரவம் நிரம்பிய கப்ளிங் வழியாக எஞ்சினே அதைச் சுற்றுகிறது. சூடான எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றுங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் கப்ளிங் போய்விட்டது.

வேலூர்: இப்போது ரோட்டோரம் நிற்கிறேன், முள் சிவப்பில், ஆவி வருகிறது. தண்ணீர் ஊற்றட்டுமா?

எஞ்சினை அணையுங்கள். மூடியில் கை வைக்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணி சுற்றிப் பிடித்துப் பாருங்கள், அழுத்தம் இறங்கி மெத்தென்று ஆன பிறகே மூடி. ஆறியதும் எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.